ஃப்ளாஷ் மெமரியில் பிழைதிருத்தக் குறியீட்டை எங்கே வைப்பது?

ஃப்ளாஷ் மெமரியிலிருந்து படிக்கும் தரவு நேராகக் கணினிக்குப் போய்ச் சேருவதில்லை. பென் டிரைவ், மெமரி கார்டு, ஃபோனின் உள்சேமிப்பு, எஸ்எஸ்டி என்று எதுவாக இருந்தாலும் சரி, சில்லிலிருந்து வரும் பிட்டுகளில் தப்பு இருக்கிறதா என்று, அதை நிர்வகிக்கும் சுற்றமைப்பான கன்ட்ரோலர் முதலில் பார்க்கிறது. இருந்தால் திருத்துகிறது. அதற்கப்புறம்தான் வெளியே விடுகிறது. இந்தச் சோதனைக்காகவே, தரவை எழுதும்போது கூடவே கொஞ்சம் கூடுதல் பிட்டுகளையும் கணக்கிட்டு எழுதி வைக்கிறார்கள். அதுதான் பிழைதிருத்தக் குறியீடு, சுருக்கமாக ஈசிசி. அந்தக் கூடுதல் பிட்டுகளைப் பாரிட்டி என்பார்கள்.

ஈசிசி என்றதும் எல்லோரும் கேட்பது அதன் வலிமையைத்தான்: எத்தனை பிட் தப்பினால் திருத்தும்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் படிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பதில் இன்னொரு கேள்விக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. பாரிட்டி எங்கே இருக்கிறது? தரவை ஒட்டியா, தரவு இருக்கும் பக்கத்தின் (பேஜ், அதாவது ஃப்ளாஷில் ஒரே தடவையில் படிக்கப்படும் அளவு) கடைசியிலா, வேறொரு பக்கத்திலா, வேறொரு சில்லிலா? ஒரே குறியீடு, ஒரே எண்ணிக்கை பாரிட்டி பிட்டுகள், ஆனால் இடத்தை மாற்றினால் முதல் தரவு கைக்கு வரும் நேரம் பாதியாகக் குறையலாம். அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன் அடிப்படை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ளாஷ் ஏன் தப்பு செய்கிறது

இன்று பரவலாக இருக்கும் நாண்ட் வகை ஃப்ளாஷை 1987இல் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவினரும் அறிமுகப்படுத்தினார்கள். அதன் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டர். அதற்குள் சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் மூடப்பட்ட ஓர் அடுக்கு உண்டு. அங்கே எலெக்ட்ரான்களைத் திணித்து வைத்தால் மின்சாரம் இல்லாதபோதும் அவை அங்கேயே இருக்கும். எவ்வளவு திணித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து, அந்த டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் திறக்கிறது என்பது மாறும். படிப்பது என்றால், ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்து, திறந்ததா இல்லையா என்று உணர்வது.

ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்தால் இரண்டு நிலைகள் போதும். இரண்டு பிட் என்றால் 4 நிலைகள், மூன்று பிட் என்றால் 8, நான்கு பிட் என்றால் 16. மின்னழுத்த இடைவெளி ஏறக்குறைய அதேதான், அதற்குள் நிலைகளை நெருக்கி நெருக்கி அடுக்குகிறோம். அதனால் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் கசிந்தாலே ஒரு நிலை பக்கத்து நிலையாகத் தெரியும். கசிவதற்குக் காரணங்களும் பல. அழித்து எழுதி, அழித்து எழுதி அந்த மின்கடத்தா அடுக்கு தேய்கிறது. நாள்பட்டால் சேமித்த மின்னூட்டம் தானாகவே குறைகிறது. பக்கத்துச் செல்லில் எழுதும்போது இந்தச் செல்லும் அசைகிறது. திரும்பத் திரும்பப் படிப்பதுகூட அண்டையில் இருப்பவற்றைச் சற்றே கெடுக்கும். ஆகவே ஃப்ளாஷில் தப்பு என்பது விபத்து கிடையாது. அது எதிர்பார்த்து வடிவமைக்க வேண்டிய அன்றாட நிகழ்வு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாண்ட் ஃப்ளாஷில் ஒரு பைட்டை மட்டும் படிக்க முடியாது. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் உணர்ந்து, சில்லுக்குள் இருக்கும் ஒரு தற்காலிகப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பைட் பைட்டாக வெளியே அனுப்ப வேண்டும். அதாவது ஒரு வாசிப்பில் இரண்டு கட்டங்கள்: உணர்தல், அனுப்புதல். பாரிட்டியின் இடம் இந்த இரண்டையுமே பாதிக்கும்.

பாரிட்டி எப்படித் தப்பைக் கண்டுபிடிக்கிறது

பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்ட குறியீட்டைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் பழகிவிடும். நம் தரவு 1011 என்ற நான்கு பிட்டுகள். ஏழு இடங்கள் கொண்ட வரிசையை எடுத்துக்கொள்வோம். 1, 2, 4 ஆகிய இடங்கள் பாரிட்டிக்கு. 3, 5, 6, 7 ஆகியவை தரவுக்கு. தரவை வைத்தால் 3இல் 1, 5இல் 0, 6இல் 1, 7இல் 1.

இப்போது மூன்று விதிகள். 1, 3, 5, 7 ஆகிய இடங்களில் இருக்கும் 1களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 2, 3, 6, 7 இடங்களிலும் அப்படியே. 4, 5, 6, 7 இடங்களிலும் அப்படியே. இதன்படி முதல் இடத்தில் 0, இரண்டாவதில் 1, நான்காவதில் 0 வருகிறது. முழு வரிசை 0110011. இதை எழுதி வைக்கிறோம்.

படிக்கும்போது ஆறாவது பிட் தப்பி 0110001 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் விதியைச் சோதித்தால் சரியாக இருக்கிறது. இரண்டாவது தவறுகிறது. மூன்றாவதும் தவறுகிறது. தவறிய விதிகளின் பாரிட்டி இடங்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. ஆறாவது பிட்டைத் திருப்பிப் போட்டால் பழைய வரிசை கிடைத்துவிடும். எந்த விதியெல்லாம் தவறியது என்று சொல்லும் அந்தச் சிறு எண்ணுக்கு சிண்ட்ரோம் என்று பெயர். அது பூஜ்யமாக இருந்தால் தப்பில்லை, திருத்தும் வேலையே தேவையில்லை.

இந்த உதாரணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏழு பிட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் மூன்று விதிகளையும் முழுதாகச் சோதிக்க முடியும். தரவு பிட் நான்கும் வந்துவிட்டன, ஆனால் பாரிட்டி மூன்றும் வரவில்லை என்றால், தரவு கையில் இருந்தும் நம்ப முடியாது. வேகப் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு காத்திருப்பில் இருந்துதான் தொடங்குகிறது.

ஹேமிங் குறியீடு ஒரு தப்பைத்தான் திருத்தும். செல்லுக்கு ஒரு பிட் இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. பிறகு ஃப்ளாஷில் பிசிஎச் குறியீடு புழக்கத்துக்கு வந்தது. 1959இல் ஒக்கங்கெம், 1960இல் போஸும் ராய்-சௌதுரியும் தனித்தனியாகக் கண்டது இது. 512 பைட் தரவில் 8 பிட் தப்பைத் திருத்த, ஒரு தப்புக்கு 13 பிட் வீதம் 104 பிட், அதாவது 13 பைட் பாரிட்டி போதும். இன்றைய எஸ்எஸ்டிகளில் எல்டிபிசி குறியீடு பரவலாகிவிட்டது. ராபர்ட் கல்லாகர் 1960இல் எம்ஐடியில் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்தது. அன்றைய கணினிகளுக்கு அது எட்டாக்கனியாக இருந்ததால் பல பத்தாண்டுகள் கிட்டத்தட்ட யாரும் சீண்டாமல் கிடந்தது. குறியீடு எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன காத்திருப்பு பொதுவானது.

ஒரு பக்கத்துக்குள்

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, செல்லுக்கு ஒரு பிட் வைக்கும் பழைய வகைச் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இன்றும் ரூட்டர்களிலும் சிறு கருவிகளிலும் இந்த அளவுகளைப் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் 2048 பைட் தரவு, அதன் பின்னால் ஸ்பேர் பகுதி என்று 64 பைட், மொத்தம் 2112. பக்கத்தை உணர 25 மைக்ரோ நொடி. ஒரு பைட்டை வெளியே அனுப்ப 25 நானோ நொடி. தரவை 512 பைட் வீதம் நான்கு செக்டர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பாரிட்டி போடுகிறோம். மேலே சொன்ன 13 பைட் பாரிட்டியோடு 3 பைட் வேறு குறிப்புகளுக்கு என்று விட்டால், ஒரு செக்டருக்கு 16 பைட். நான்குக்கு 64. ஸ்பேர் பகுதியில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வழக்கமான அமைப்பில் நான்கு செக்டர் தரவும் முதலில் வரும், நான்கின் பாரிட்டியும் கடைசியில் ஸ்பேர் பகுதியில் வரும். பயிற்சிப் புத்தகத்தில் எல்லா விடைகளையும் கடைசிப் பக்கத்தில் போடுவதைப் போல. முதல் கேள்வியைப் போட்டுவிட்டாலும் சரியா என்று தெரிய கடைசிவரை போக வேண்டும்.

நேரத்தைப் பாருங்கள். முதல் செக்டரின் 512 பைட், அனுப்பத் தொடங்கிய 12.8 மைக்ரோ நொடியில் வந்துவிடுகிறது. அதன் பாரிட்டி 2048 பைட்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது, 51.6 மைக்ரோ நொடியில்தான் முழுதாக வருகிறது. இடையில் கிட்டத்தட்ட 39 மைக்ரோ நொடி அந்தத் தரவு கன்ட்ரோலரின் நினைவகத்தில் சும்மா கிடக்கிறது. இரண்டாவது செக்டர் 52.0, மூன்றாவது 52.4, நான்காவது 52.8 மைக்ரோ நொடியில் சோதனைக்குத் தயார். நான்கும் கடைசியில் ஒரே கும்பலாக வந்து நிற்கின்றன.

இனி பாரிட்டியைப் பிரித்துப் பரப்புவோம். 512 பைட் தரவு, உடனே அதன் 16 பைட், அடுத்த 512, அதன் 16 என்று. மொத்த அளவு அதே 2112 பைட்தான். ஆனால் முதல் செக்டர் 528 பைட்டில், அதாவது 13.2 மைக்ரோ நொடியில் சோதனைக்குத் தயார். அடுத்தடுத்தவை 26.4, 39.6, 52.8. சராசரி 52.2இலிருந்து 33.0க்கு இறங்கிவிட்டது. உணரும் நேரமான 25 மைக்ரோ நொடியையும் சேர்த்தால், முதல் செக்டருக்கு 76.6க்குப் பதில் 38.2. சரிபாதி. ஒரு பைட்கூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, குறியீட்டின் வலிமையை ஒரு துளியும் குறைக்கவில்லை. அடுக்கிய விதத்தை மட்டும்தான் மாற்றினோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான்.

இதில் இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. பிசிஎச் திருத்தம் மூன்று படிகளில் நடக்கும்: சிண்ட்ரோமைக் கணக்கிடுவது, அதிலிருந்து தப்புகளின் இடத்தைச் சொல்லும் ஒரு பல்லுறுப்புக்கோவையை உருவாக்குவது, அதைத் தீர்த்து இடங்களைக் கண்டுபிடிப்பது. பாரிட்டி பரவியிருந்தால், முதல் செக்டர் இரண்டாவது படியில் இருக்கும்போதே இரண்டாவது செக்டர் உள்ளே வந்துகொண்டிருக்கும். வேலை சங்கிலியாக ஓடும். பாரிட்டி கடைசியில் இருந்தாலோ, நான்கு செக்டருக்கான இடைக்கணக்குகளையும் தனித்தனியே பிடித்து வைத்திருந்து, கடைசி 1.6 மைக்ரோ நொடிக்குள் ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். அதற்கு நினைவகமும் அதிகம், சுற்றமைப்பும் அதிகம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பக்கம் முழுவதும் ஏற்கெனவே சில்லின் பதிவேட்டில்தானே இருக்கிறது, நடுவிலிருந்தும் கேட்டு வாங்கலாமே? வாங்கலாம். எந்த பைட்டிலிருந்து அனுப்பத் தொடங்க வேண்டும் என்று சில்லுக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. முதல் செக்டரைப் படித்துவிட்டு, தாவிப் போய் அதன் பாரிட்டியைப் படித்துவிட்டு, மறுபடி இரண்டாவது செக்டருக்குத் தாவலாம். ஒரு தாவலுக்குச் சில நூறு நானோ நொடிதான் ஆகும். ஒரே ஒரு செக்டர் மட்டும் வேண்டுமானால் இந்த வழி பாரிட்டியைப் பரப்பிய அமைப்புக்குக் கிட்டத்தட்டச் சமம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முழுப் பக்கத்தையும் ஓடையாகப் படிக்கும்போது, ஒவ்வொரு தாவலுக்கும் மென்பொருள் தலையிட்டுக் கட்டளை கொடுக்க வேண்டிய எளிய கன்ட்ரோலர்களில் இந்தத் தாவல்களின் செலவு கூடிக்கொண்டே போகும். ஸ்பேர் பகுதியை முதலில் படித்து வைத்துக்கொண்டு அப்புறம் தரவைப் படிப்பது இன்னொரு வழி. லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கென்றே ஒரு முறை இருந்தது, பாரிட்டி முதலிலேயே தேவைப்படும் வன்பொருளுக்காக. ஆக, பாரிட்டி தரவுக்கு முன்போ உடன்போ வந்துசேர வேண்டும் என்பது பலரும் பல வழியில் தீர்க்க முயன்ற சிக்கல்.

பரப்புவதற்கும் ஒரு விலை இருக்கிறது. ஃப்ளாஷ் சில்லுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் (ஒன்றாக அழிக்கப்படும் பல பக்கங்களின் தொகுதி) கெட்டுப்போயிருக்கும். இந்த வகைச் சில்லுகளில் உற்பத்தியாளர், அப்படிப்பட்ட பிளாக்கில் ஸ்பேர் பகுதியின் முதல் பைட்டில் ஓர் அடையாளம் வைத்து அனுப்புவார். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 2048ஆவது பைட். வழக்கமான அமைப்பில் அங்கே தரவு வராது, சிக்கலில்லை. பரப்பிய அமைப்பிலோ நான்காவது செக்டர் 1584இல் தொடங்குகிறது. 2048 என்பது அதன் தரவுக்குள் 464ஆவது பைட். பயனரின் படமோ பாட்டோ அந்த இடத்தில் எழுதப்பட்டால், பிறகு பார்ப்பவருக்கு நல்ல பிளாக்கும் கெட்டதாகத் தெரியும்! இதற்காகச் சில கன்ட்ரோலர்களின் டிரைவர்கள் (அவற்றை இயக்கும் மென்பொருள்கள்) அந்த ஒரு பைட்டைத் தம் குறிப்புகளுக்கான பைட் ஒன்றோடு இடமாற்றி எழுதுகின்றன. ஃப்ரீஸ்கேல் ஐ.எம்எக்ஸ் சில்லுகளுக்கான லினக்ஸ் டிரைவரில் இந்த ஏற்பாட்டைக் காணலாம்.

அமைப்பு ஒத்துப்போவதும் முக்கியம். கருவியை இயக்கும் முதல் நிரல், அதற்கடுத்து இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர், இயங்குதளம் ஆகிய மூன்றும் பாரிட்டி எங்கே இருக்கிறது என்பதில் ஒரே கருத்தோடு இருக்க வேண்டும். ஒன்று பாரிட்டியைப் பரப்பி எழுதி இன்னொன்று கடைசியில் தேடினால், குறை எதுவும் இல்லாத தரவு முழுக்கத் திருத்த முடியாத தப்பாகத் தெரியும். லினக்ஸ் இதைத் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது: பாரிட்டி ஸ்பேர் பகுதியில் தனியாக இருக்கிறதா, தரவோடு பின்னிக் கிடக்கிறதா என்று ஓர் அமைப்பில் சொல்லலாம்.

பக்கம் பெரிதானபோது

இன்றைய சில்லுகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 16 கிலோபைட், அதாவது 16,384 பைட், அதோடு ஏறத்தாழ 2000 பைட் ஸ்பேர். அனுப்பும் வேகமும் பல மடங்கு கூடிவிட்டது. நொடிக்கு 1600 மில்லியன் பைட் வேகத்தில் முழுப் பக்கமும் சுமார் 11.5 மைக்ரோ நொடியில் வெளியே வந்துவிடும். செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் சில்லில் உணர்வதற்கே பல பத்து மைக்ரோ நொடி ஆகிறது. அப்படியானால் பாரிட்டி எங்கே இருந்தால் என்ன, 11.5க்குள் எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும் என்று தோன்றும்.

ஒரே ஒரு சில்லு இருந்தால் அந்த எண்ணம் சரி. ஆனால் எஸ்எஸ்டியில் பல சில்லுகள் கன்ட்ரோலருக்குத் தரவு போகும் ஒரே பாதையை, அதாவது சேனலை, பகிர்ந்துகொள்கின்றன. எட்டுச் சில்லுகள் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் ஒரே நேரத்தில் தத்தம் பக்கத்தை உணரலாம், ஆனால் அனுப்புவது ஒருவர்பின் ஒருவராகத்தான். கணினி பொதுவாகக் கேட்பது 4 கிலோபைட் துண்டுகள். பக்கம் முழுவதற்கும் ஒரே கோட்வேர்டாக (தரவும் அதன் பாரிட்டியும் சேர்ந்து ஒன்றாகத் திருத்தப்படும் தொகுப்பு) குறியீடு போட்டிருந்தால், 4 கிலோபைட்டுக்காக 16 கிலோபைட்டையும் வெளியே கொண்டுவர வேண்டும். எட்டுக்கும் சேர்த்து 92 மைக்ரோ நொடி. ஒவ்வொரு 4 கிலோபைட்டும் தன் பாரிட்டியோடு தனித்து நின்றால், எட்டுக்கும் சேர்த்து 23 மைக்ரோ நொடி போதும். பழைய சில்லில் முதல் செக்டர் சீக்கிரம் வருவது லாபம். இங்கே தேவையற்றதைச் சேனலில் ஏற்றாமல் இருப்பது லாபம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

அப்படியானால் இன்னும் பொடியாக, 512 பைட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடலாமா? இங்கேதான் வலிமை குறுக்கே வருகிறது. 512 பைட்டுக்கு 13 வீதம் எட்டுச் செக்டருக்கு 104 பைட் பாரிட்டி. அவை ஒவ்வொன்றும் 8 தப்பு திருத்தும், ஆனால் ஏதோ ஒரு செக்டரில் 9 தப்பு விழுந்துவிட்டால் மற்ற ஏழும் சுத்தமாக இருந்தும் பயனில்லை. அதே 104 பைட்டை 4 கிலோபைட் முழுவதற்கும் ஒரே பிசிஎச் குறியீடாகப் போட்டால், ஒரு தப்புக்கு 16 பிட் தேவைப்படுவதால் 52 தப்புகளைத் திருத்தலாம். எங்கே விழுந்தாலும் சரி. 64லிருந்து 52க்கு எண்ணிக்கை இறங்கினாலும், தப்புகள் சீராக விழாத நிஜ உலகில் இந்த 52தான் பலமடங்கு பாதுகாப்பு. ஆகவே கோட்வேர்டு நீளமாக இருக்க வேண்டும் என்று வலிமை இழுக்கிறது, குட்டையாக இருக்க வேண்டும் என்று வேகம் இழுக்கிறது. இயங்குதளங்கள் பெரும்பாலும் கேட்கும் அளவை ஒட்டி 4 கிலோபைட்டில் நிற்பது என் பார்வையில் நல்ல சமரசம்.

பாரிட்டியை இரண்டு தவணையாக வைப்பது

புதிய சில்லில் தப்புகள் குறைவு. தேய்ந்த சில்லில் அதிகம். தேய்ந்த நாளுக்குத் தேவையான பாரிட்டி முழுவதையும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வாசிப்பிலும் சுமந்து வருவது வீண். இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. தரவை ஒட்டி மிதமான பாரிட்டியை வைப்பது. மிச்சப் பாரிட்டியை வேறு இடத்தில் வைப்பது. ஒட்டி இருப்பதை வைத்துத் திருத்த முடிந்தால் கதை முடிந்தது. முடியாவிட்டால் மட்டும் இரண்டாவதைப் போய் எடுத்து, இரண்டையும் சேர்த்து வலிமையான குறியீடாகத் திருத்துவது.

ஆயிரம் வாசிப்பில் ஒன்றுதான் இரண்டாவதைத் தேடுகிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி நேரத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒருவருக்கு நேரம் இரட்டிப்பாகும். ஆகவே இரண்டாவது தவணையை எங்கே வைக்கிறோம் என்பதிலும் யோசனை தேவை. அதே சில்லில் வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உணர முடியும். வேறொரு சில்லில் வைத்தால், இந்த பிளாக் தேய்ந்தது என்று முன்பே தெரிந்திருக்கும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டுவிடலாம். செல்லுக்கு ஒரு பிட் வைக்கும் பகுதியில் வைத்தால் உணர்தலும் சீக்கிரம் முடியும், அங்கே தப்பும் குறைவு.

எல்டிபிசி திருத்தம் தோற்றால் வழக்கமாகச் செய்வது வேறு. உணரும் மின்னழுத்தத்தைச் சற்று நகர்த்தி, அதே பக்கத்தை மறுபடி மறுபடி படித்து, ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு உறுதியாக 0 அல்லது 1 என்ற கூடுதல் தகவலைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முழு உணர்தல் நேரம் செலவு. தேய்ந்த எஸ்எஸ்டி சில சமயம் திடீரென்று திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்துச் சில்லில் தயாராக இருக்கும் பாரிட்டி, இந்த மறுவாசிப்புகளில் சிலவற்றைத் தவிர்க்க உதவும்.

வேகத்துக்கு எதிரான பரப்பல்

பரப்பினாலே வேகம் என்று நினைத்துவிடக் கூடாது. செல்லுக்கு மூன்று பிட் வைக்கும்போது அந்த மூன்று பிட்டும் மூன்று வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை. எட்டு நிலைகளைப் பிரிக்க ஏழு எல்லைகள் வேண்டும். அந்த ஏழை மூன்று பக்கங்களும் 2, 3, 2 என்றோ 1, 2, 4 என்றோ பங்கிட்டுக்கொள்கின்றன. அதிக எல்லைகள் உள்ள பக்கத்தில் தப்பும் பொதுவாக அதிகம். ஒரு கோட்வேர்டை மூன்று பக்கங்களிலும் தூவிவிட்டால் தப்புகள் சமனாகும், மோசமான பக்கத்தின் சுமையை நல்ல பக்கம் பகிர்ந்துகொள்ளும். ஆயுளுக்கு நல்லது. ஆனால் அந்த ஒரு கோட்வேர்டைப் படிக்க மூன்று பக்கங்களையும், ஏழு எல்லைகளையும் உணர வேண்டும். ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்றாகிவிடுகிறது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிப்பவருக்கு மூன்று பக்கங்களும் எப்படியும் வேண்டும், அவருக்கு நட்டமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்பவருக்கு இது பெரிய நட்டம்.

சில்லுகளுக்கு இடையே

இதுவரை பார்த்ததெல்லாம் தப்பிய பிட்டுகளைத் திருத்துவதற்கான பாரிட்டி. எஸ்எஸ்டிக்குள் இன்னொரு அடுக்குப் பாரிட்டியும் இருப்பதுண்டு, பல சில்லுகளுக்குப் பொதுவாக. மூன்று சில்லுகளில் 1011, 0110, 1100 என்று தரவு இருந்தால், ஒவ்வொரு நிலையிலும் 1களின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்று பார்த்து நான்காவது சில்லில் 0001 என்று எழுதி வைக்கலாம். இரண்டாவது சில்லு செத்துப்போனாலும் மற்ற மூன்றையும் அதே முறையில் சேர்த்தால் 0110 திரும்பக் கிடைக்கும். போட்டுப் பாருங்கள்.

இது பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு. ஆனால் இதைப் படிக்கும் வேகத்துக்கும் பயன்படுத்த முடியும் என்பதுதான் விசேஷம். ஃப்ளாஷில் படிப்பதற்குப் பல பத்து மைக்ரோ நொடி, எழுதுவதற்குச் சில நூறு முதல் ஆயிரம் மைக்ரோ நொடிக்கு மேல்கூட, அழிப்பதற்குச் சில மில்லி நொடி. அழித்துக்கொண்டிருக்கும் சில்லிடம் போய் ஒரு பக்கம் கேட்டால் அது முடியும்வரை நிற்க வேண்டும். நடுவில் அழிப்பை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கும் நேரம் ஆகும். அப்படி நிற்பதற்குப் பதில், வேலையில் மாட்டிக்கொண்ட சில்லைச் செத்துப்போனதாகவே பாவித்து, மற்ற மூன்றிடமும் கேட்டு, விடையைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். மில்லி நொடிகளில் ஆக வேண்டியது மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழுவில் ஒரே நேரத்தில் ஒரு சில்லுக்கு மேல் எழுதுவதிலோ அழிப்பதிலோ ஈடுபடக் கூடாது. அதைக் கன்ட்ரோலர் முறைவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழு பெரிதாகவும் இருக்கக் கூடாது. 15 தரவுச் சில்லுக்கு ஒரு பாரிட்டி என்றால் இடம் மிச்சம்தான், ஆனால் ஒரு பக்கத்தை மீட்க மற்ற 15 பக்கங்களைப் படிக்க வேண்டும். சேனல் ஏற்கெனவே நெரிசலில் இருந்தால், ஒருவரின் காத்திருப்பைக் குறைக்கப் போய்ப் பலரைக் காக்க வைத்ததாகிவிடும்.

பாரிட்டிக்கென்று ஒரு சில்லை ஒதுக்கிவைப்பதும் சரிவராது. சாதாரண வாசிப்பில் அந்தச் சில்லிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நான்கில் ஒருவர் சும்மா நிற்பார். எழுதும்போதோ எந்தத் தரவைத் திருத்தினாலும் அதன் பாரிட்டியும் மாறுவதால், எல்லா வேலையும் அவர் தலையிலேயே வந்து விழும். வன்தட்டுகளில் இதே சிக்கலை 1988இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும், பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் ரெய்டு முறை பற்றிய தங்கள் கட்டுரையில் எடுத்துப் பேசினார்கள். நான்காம் நிலையில் பாரிட்டிக்குத் தனி வட்டு. ஐந்தாம் நிலையில் அதைச் சுழற்சியாக எல்லா வட்டுகளிலும் பரப்பினார்கள். ஃப்ளாஷிலும் அதையே செய்யலாம்: முதல் வரிசையின் பாரிட்டி நான்காவது சில்லில், அடுத்ததன் பாரிட்டி மூன்றாவதில், அதற்கடுத்தது இரண்டாவதில். அப்போது நான்கு சில்லுகளுமே தரவைக் கொடுக்கும், நான்குமே பாரிட்டியையும் சுமக்கும், தேய்மானமும் நான்குக்கும் பகிர்ந்து போகும்.